பார்வையில் காணும் கடிதம்

நேற்றுக் காலை பத்தே காலுக்கு எனக்கு வேறொருவர் கண்ணால் தெரிய ஆரம்பித்தது. குருவம்மாள் கேஸ்கட்ஸ் என்ற கம்பெனியில் கடிதம் எழுதும் பெண்ணின் கண். அவர் முகம் எந்தப் பக்கம் திரும்பியதோ அந்தப் பக்கம் எனக்குத் தெரிந்தது. அவருக்கு ஒன்றும் தெரியவில்லை.

இதற்குக் காரணம் நான்தான் என்கிறார்கள். நான் ஒரு லெட்டர் எழுதினேன், அவ்வளவுதான். யாராவது லெட்டரை வயிற்றில் சுமந்தா பெற்றெடுக்கிறார்கள்?

கோயமுத்தூர் கணபதி பகுதியில் வால்வு செய்யும் ஒரு சின்னக் கம்பெனி எங்களுடையது. லேத்தில் பதினொரு பேர். ஆபீசில் நான் ஒருவன். பெயர் நாச்சிமுத்து, வயது நாற்பத்தாறு. பொள்ளாச்சிக் கஸ்டமர் ஒருவர் வால்வு ஒழுகுகிறது என்று காய்ச்சி எடுத்து எழுதியிருந்தார். முதலாளி சென்னியப்பன் என்னைக் கூப்பிட்டு, "நல்லா மன்னிப்புக் கேட்டு ஒண்ணு எழுதப்பா" என்றார்.

மன்னிப்புக் கேட்டு எழுத எனக்குத் தெரியாது. எங்கே இருக்கிறது என்று தெரியும். போன வருஷம், வால்வு ஒழுகாமல் இருக்க வைக்கும் கேஸ்கட் மோசம் என்று நாங்கள் சத்தம் போட்டபோது குருவம்மாள் கேஸ்கட்ஸ் ஒரு பதில் அனுப்பியது. அதைப் படித்துவிட்டு முதலாளி சண்டையை மறந்து அவர்களுக்கே மறுபடி ஆர்டர் கொடுத்தார். அந்த லெட்டரை ஃபைலிலிருந்து எடுத்தேன். கேஸ்கட்டை வால்வு ஆக்கினேன். தேதியை மாற்றினேன். பொருளை மாற்றினேன். அதற்குக் கீழே இருந்த பார்வையை மாற்ற மறந்துவிட்டேன்.

எந்தக் கடிதத்தைப் பார்த்து இந்தக் கடிதம் எழுதப்படுகிறது என்று சொல்வதற்கு ஒரு வரி வருமே, அந்தப் பார்வை. "பார்வை: எங்கள் கு.கே. 214" என்று அவர்களுடையது அப்படியே இருந்துவிட்டது. முதலாளி கையெழுத்துப் போட்டார். உடனே என் மேஜை மறைந்தது.

எதிரே பச்சை ரெக்சின் விரித்த வேறு மேஜை. அதன்மேல் கண்ணாடி வளையல் போட்ட இரண்டு கைகள். அந்தக் கைகள் மேஜை முழுக்கத் தடவிக்கொண்டிருந்தன.

"முதலாளி, எனக்கு வேற ஆபீஸ் தெரியுதுங்க."

"எப்படி இருக்குது?"

"நம்மளத விட நல்லா இருக்குதுங்க. ஏசி போட்டிருக்காங்க."

"பார்வைய மாத்துனியா?"

"இல்லீங்க."

"அப்ப அது அவங்க பார்வைதான்," என்றார் முதலாளி. "ரெண்டு நாள்ல பழகிரும். கல்யாணம் ஆகிற வரைக்கும் எனக்கே எங்க சித்தப்பன் பார்வைதான்."

வீட்டுக்குப் போய்ச் சாப்பிட உட்கார்ந்தேன். கண்ணுக்கு உப்புமா, வாய்க்கு ரசம். என் பெண்டாட்டி என் முகத்துக்கு நேரே கையை ஆட்டிப் பார்த்துவிட்டு, "ஏதோ பண்ணித் தொலைச்சிருக்கீங்க" என்றாள். அவள் சொன்னது குரலாகத்தான் வந்தது. பார்த்தது யாரோ ஒருவர் வீட்டுச் சமையலறை.

இன்று காலை பத்தரைக்கு எங்கள் கம்பெனி கேட் எனக்குத் தெரிந்தது. கேட் கிட்டே வந்தது. ஆட்டோ டிரைவர் கை பிடித்து இறக்கினார். எங்கள் போர்டு தெரிந்தது, படி தெரிந்தது, பிறகு ஒரு ஆள் தெரிந்தான். சட்டைப் பொத்தானை மாற்றிப் போட்டுக்கொண்டு, வாயைப் பிளந்தபடி, ஒன்றுமில்லாத சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தான். முன்மண்டையில் முடி இல்லை. யார் இந்த மனுஷன் என்று யோசித்தேன். பொத்தானைத் தொட்டுப் பார்த்தேன். அந்த ஆளும் தொட்டான். அடக் கடவுளே, நான்தான்.

"இங்க லெட்டர் எழுதறவர் யாருங்க?" என்றது பெண் குரல்.

"நான்தானுங்க. உங்களுக்கு நேரா இருக்கேன்."

"தெரியிலீங்க," என்றார். "என் பேரு கோகிலவாணி. குருவம்மாள் கேஸ்கட்ஸ். பார்வைல இருநூத்திப் பதினாலுன்னு போட்ட லெட்டர நாங்க அஞ்சு கம்பெனிக்குத்தான் அனுப்பியிருக்கோம். ரெண்டு எடத்துக்குப் போய்ட்டு வந்துட்டேன். எம் பார்வை இங்க இருக்குதுங்களா?"

பொய் சொல்லலாம் என்றுதான் முதலில் தோன்றியது. ஆனால் அவர் தலையைச் சாய்த்தபோது எனக்கு என் ஆபீசே சாய்ந்தது. மேஜையை இறுகப் பிடித்துக்கொண்டேன். மேஜை கிரீச்சென்ற சத்தம் அவருக்குக் கேட்டுவிட்டது.

முதலாளி உள்ளேயிருந்து வந்தார். வந்தவர் நேராகச் சண்டைக்குப் போனார்.

"ஏனம்மிணி, லெட்டர்ல என்ன இருக்குது? வணக்கம்னு சொல்றதுக்கு உங்ககிட்டப் பர்மிஷன் வாங்கோணுமா? ஊர்ல இருக்கிற கம்பெனி எல்லாம் ஒருத்தரப் பாத்து ஒருத்தர் எழுதறதுதான்."

"வணக்கத்த எடுத்துக்கோங்க. அத நான் எழுதல," என்றார் கோகிலவாணி. "மூணாவது வரிய நான் எழுதுனேன். 'தங்கள் இயந்திரம் நின்ற அந்த மூன்று மணி நேரமும் எங்கள் இயந்திரமும் நின்றதாகவே கருதுகிறோம்.' வேலைக்குச் சேந்த முதல் மாசம். அத எழுதப் பதினொரு நாள் ஆச்சு. நின்ன மெஷின் கிட்டப் போய் ஒரு நாள் முழுக்க உக்காந்திருந்து எழுதுனேன்."

"அருமையா இருக்குதுங்க," என்றார் முதலாளி. போன வருஷமும் இதையேதான் சொன்னார்.

எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. அப்படிப்பட்ட வரிகள் கடிதத்தில் தானாக வரும் என்றுதான் நான் இத்தனை நாள் நினைத்திருந்தேன். அதற்கு ஒரு ஆள் இருப்பார், அவர் மெஷின் பக்கத்தில் உட்கார்ந்திருப்பார் என்று யாருக்குத் தெரியும்?

"இன்னிக்கு மூணு மணிக்குள்ள பார்வை ஆபீசுல திருப்பிக் குடுத்தாத்தானுங்க உண்டு," என்றார் கோகிலவாணி. "மூணு மணிக்குக் கோப்பக் கட்டிருவாங்களாம். கட்டிட்டா அது உங்க பார்வைதான். எனக்கு எப்பவுமே இல்ல."

அந்தக் குரல் நடுங்கவில்லை. நடுங்கியிருந்தால் எனக்குத் தேவலையாக இருந்திருக்கும்.

பார்வை மற்றும் பொருள் அலுவலகம் ரயில்வே ஸ்டேஷனுக்கு எதிர்ச் சந்தில் இருக்கிறது. முதலாளி ஆட்டோவுக்குப் பணம் கொடுத்தார், ஆனால் வரவில்லை. நாங்கள் கை கோத்துக்கொண்டு போனோம். கண் அவருடையது, வழி சொல்லும் வாய் என்னுடையது. "எடப்பக்கம் திரும்புங்க. கீழ பாருங்க. படி." அவர் திரும்பினால்தான் எனக்குப் படி தெரியும். ஒரு தடவை அவர் தும்மினார். இரண்டு பேரும் சாக்கடையில் கால் வைத்தோம்.

அலுவலகத்துக்குள் ஒரு நீளமான வராந்தா. கடைசியில் கவுன்டர். யாராவது "சார்" என்று கூப்பிட்டால் வராந்தா ஒரு பெஞ்சு அளவுக்கு நீண்டது. கோயமுத்தூரில் சார் சொல்லாமல் யார் பேசுகிறார்கள்? நாங்கள் பாதி தூரம் போவதற்குள் பின்னாலிருந்து ஒருத்தர், "சார், இங்க பாத்ரூம் எங்க சார்?" என்று கேட்டார். கவுன்டர் இரண்டு பெஞ்சு தள்ளிப் போனது. கோகிலவாணி வாயைப் பொத்திக்கொண்டார். நானும் பொத்திக்கொண்டேன். அப்படியே ஓடினோம்.

கவுன்டரில் இருந்தவருக்கு வலது கை இருக்க வேண்டிய இடத்தில் ரப்பர் ஸ்டாம்ப் இருந்தது. டீ டம்ளரை இடது கையால் பிடித்திருந்தார். சுவர்க் கடிகாரத்தில் மணி ஒன்று ஐம்பது.

"பார்வை திருப்பிக் குடுக்கோணுமுங்க," என்றேன்.

"லெட்டர் எழுதிக் குடுங்க."

"ஃபாரம் இருக்குதுங்களா?"

"ஃபாரத்தப் பாத்து எழுதித்தான நீங்க இங்க வந்து நிக்கறீங்க?" என்றார் அவர். "சொந்தமா எழுதோணும். வேற யாரு லெட்டர்லயாச்சும் இருக்கிற வரி வந்துச்சுன்னா, அதுக்குண்டானது அவங்ககிட்ட இருந்து வந்து சேரும். பேப்பர் அங்க இருக்குது."

நான் எழுத உட்கார்ந்தேன். காகிதம் எனக்குத் தெரிய வேண்டுமானால் கோகிலவாணி குனிந்து அதைப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். அவர் தனக்குத் தெரியாத காகிதத்தின் மேல் முகத்தை வைத்துக்கொண்டு நின்றார்.

கை பழக்கத்தில் "பொருள்:" என்று எழுதினேன். கவுன்டரில் டங்கென்று ஒரு இஸ்திரிப் பெட்டி வந்து விழுந்தது. அதற்குப் பின்னால் ஒரு மிக்சி ஜார், இரண்டு குடம், பாதி பின்னிய ஸ்வெட்டர், ஊசியோடு.

"ஐயோ, இதெல்லாம் யாருதுங்க?"

"யாரப் பாத்து எழுதுனீங்களோ அவங்க பொருள்," என்றார் ஸ்டாம்ப் கைக்காரர்.

"எல்லாரும் எழுதறதுதானுங்களே?"

"அப்ப எல்லாருதும் வரும்."

வந்தது. ஒரு பீரோவின் கதவு மட்டும் தனியாக வந்ததும் அவசரமாக எழுதியதை அடித்துவிட்டேன். எல்லாம் போய்விட்டன. ஸ்வெட்டர் ஊசி மட்டும் கீழே கிடந்தது. எங்கோ ஒருத்தி தேடிக்கொண்டிருப்பாள்.

அடுத்து, "தங்கள் மேலான கவனத்திற்கு" என்று எழுதினேன். வாசல் வாட்ச்மேனுடைய கவனம் என்னிடம் வந்துவிட்டது. கேட்டில் யார் வருகிறார்கள், யார் போகிறார்கள், எந்த ஸ்கூட்டர் ஸ்டாண்டு சரியாகப் போடவில்லை என்பதெல்லாம் எனக்குத் தெரிந்தது. அதற்குள் மாடு ஒன்று உள்ளே வந்து வராந்தாவில் நின்றது. அதையும் அடித்தேன். மாடு நின்றபடியே இருந்தது.

"தங்கள் உண்மையுள்ள" என்று கடைசியில் எழுதுவார்களே, அதை எழுத எனக்குத் தைரியம் வரவில்லை.

மணி இரண்டு இருபது. காகிதத்தில் அடித்த வரிகள்தான் இருந்தன.

"என்னங்கண்ணா, எழுதறீங்களா?" என்றார் கோகிலவாணி. கழுத்து வலித்திருக்க வேண்டும். காகிதம் லேசாக ஆடியது.

"எனக்கு எழுதத் தெரியாதம்மிணி," என்றேன். சொல்லிவிட்டேன். இத்தனை வருஷத்தில் யாரிடமும் சொன்னதில்லை. "நான் ஒரு லெட்டர் கூட எழுதுனதில்ல. பள்ளிக்கூடத்துல எங்கப்பன் செத்ததுக்கு லீவு லெட்டர் குடுத்தேன். அதுல காச்சல்னுதான் எழுதியிருந்தேன். வகுப்புல எல்லார்கிட்டயும் இருந்த லெட்டர் அதுதான். வாத்தியார் படிச்சுட்டு, காச்சல் விட்டுருச்சாடான்னு கேட்டாரு. விட்டுருச்சுங்கன்னு சொன்னேன்."

ஸ்டாம்ப் கைக்காரர் டீயைக் கீழே வைத்தார். "வேற யாரும் எழுத முடியாத ஒண்ணு இருக்கும் பாருங்க. அத எழுதுங்க. நாப்பது நிமிஷம் இருக்குது."

வேறு யாரும் எழுத முடியாதது ஒன்று என்னிடம் இருந்தது. காலையிலிருந்தே இருந்தது. சொல்லக் கூசியதால் சொல்லவில்லை. நான் திருடியது நாலு வரியும் ஒரு நம்பரும் என்றால் மன்னிப்பு கேட்டுவிட்டுப் போகலாம். நான் பார்த்தது அவ்வளவு சின்ன விஷயம் இல்லை.

"அம்மிணி, உங்க பாப்பாவுக்குக் காலைல பல்லு விழுந்துச்சுங்களா?"

காகிதம் சட்டென்று மறைந்தது. கண்ணை மூடிக்கொண்டார் போல. பிறகு மெதுவாகத் திறந்தார்.

"விழுந்துச்சுங்க. மொதப் பல்லு. அம்மா பாரு பாருன்னு கத்துச்சு. எனக்கு வெரல்ல தட்டுப்பட்டது, அவ்வளவுதான்."

"நான் பாத்தேனுங்க."

அவர் மறுபடி காகிதத்தின் மேல் முகத்தை வைத்துக்கொண்டு, "எழுதுங்க," என்றார். "எப்படி இருந்துச்சுன்னு எழுதுங்க."

எழுதினேன். "காலை ஏழே முக்காலுக்கு உங்கள் மகளுக்குப் பல் விழுந்தது. கீழ்வரிசை, இடப்பக்கம். உள்ளங்கையில் வைத்துக் காட்டினாள். ஓட்டையில் நாக்கை விட்டு ஆட்டிச் சிரித்தாள். நீங்கள் சிரிக்கவில்லை என்றதும் இன்னும் கிட்டே வந்து வாயை அகலமாகத் திறந்தாள். நான் பார்த்தேன். அது நீங்கள் பார்க்க வேண்டியது."

பாதியில் எழுத்தெல்லாம் கலங்கித் தண்ணீருக்குள் போய்விட்டது. என் கண்ணில் நீர் இல்லை. அவர் துடைத்துக்கொள்ளும் வரை பேனாவைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தேன்.

ஸ்டாம்ப் கைக்காரர் லெட்டரை இரண்டு தடவை படித்தார். பொருள் இல்லை, பார்வை இல்லை, ஐயா கூட இல்லை என்று முணுமுணுத்தார். பிறகு கையை ஓங்கி ஒரு அடி அடித்தார். எனக்கு எல்லாம் இருண்டது. திரும்பத் தெரிந்தபோது என் எதிரில் ஒரு பெண் நின்றிருந்தார். முப்பத்தாறு வயது இருக்கும். மூக்கு சிவந்திருந்தது. அவர் முகத்தை நான் அப்போதுதான் பார்க்கிறேன்.

"தெரியுதுங்கண்ணா," என்றார். என்னையே பார்த்தார். "பட்டன மாத்திப் போட்டிருக்கீங்க."

சிரித்துவிட்டேன். அவரும் சிரித்தார். மணி இரண்டு நாற்பது. வேலை முடிந்தது, வீட்டுக்குப் போகலாம் என்று நினைத்தேன்.

"அந்த லெட்டர எனக்குக் குடுங்க," என்று கவுன்டரில் கேட்டார் கோகிலவாணி. "வீட்டுல வெச்சுக்கறேன்."

"குடுக்க முடியாதுங்க," என்றார் ஸ்டாம்ப் கைக்காரர். "இந்த ஆபீஸ்ல பாஸான மொத லெட்டர் இதுதான். பதினாறு வருஷத்துல."

எழுந்து வந்து அதைச் சுவரில் இருந்த போர்டில் குத்தினார். அதற்கு மேலே ஒரு அட்டையைத் தொங்கவிட்டார். அட்டையில் "மாதிரி" என்று இருந்தது.

அப்போதுதான் பெஞ்சுகளைப் பார்த்தேன். என் கண்ணால் பார்த்தேன். ஆட்கள் நெருக்கியடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள், அடுத்தவர் பார்வையோடு. ஒவ்வொருத்தர் பக்கத்திலும் பார்வை இல்லாத ஒருத்தர். எல்லோர் மடியிலும் அடித்தல் திருத்தலாகக் காகிதம். போர்டைப் பார்த்ததும் மொத்தக் கூட்டமும் எழுந்தது. உண்மையில் பார்வை இல்லாதவர்கள்தான் கழுத்தைத் திருப்பினார்கள், மற்றவர்கள் எழுதினார்கள்.

கோகிலவாணியின் போன் அடித்தது.

"பள்ளிக்கூடத்துல இருந்துங்க," என்று சொல்லிக் காதில் வைத்தார். கேட்டார். முகம் மாறியது. "பாப்பாவுக்கு இன்னொரு பல்லும் விழுந்துருச்சாமுங்க. கீழ, எடப்பக்கம்."

முதல் பெஞ்சில் நீலச் சட்டை போட்டவர் கடைசி வரிக்குப் புள்ளி வைத்துவிட்டுப் பேனாவை மூடினார்.

"ஏனுங்க, எழுதாதீங்க!" என்று கத்தினேன். ஓடிப்போய்ப் போர்டிலிருந்து லெட்டரைப் பிய்த்தேன். அதற்குள் முதல் பெஞ்சு எழுதி முடித்திருந்தது. இரண்டாவது பெஞ்சு முதல் பெஞ்சைப் பார்த்து எழுதிக்கொண்டிருந்தது. மூன்றாவது பெஞ்சு இரண்டாவதைப் பார்த்தது.

"ரெண்டு," என்றார் கோகிலவாணி, போனைக் காதில் வைத்தபடி. "இல்ல, மூணாம். கையில ஏந்தி வெச்சிருக்குதாம்."

"பால் பல்லுதானுங்களே, மொளச்சிரும்," என்றார் ஸ்டாம்ப் கைக்காரர்.

ஆறு வயசுக் குழந்தைக்கு இருபது பல். நான் பெஞ்சில் ஆட்களை எண்ணினேன். இருபத்தெட்டு வரை எண்ணினேன். அப்போது யாரோ "சார், பேனா இருக்குதுங்களா சார்?" என்றார்கள். வராந்தா நீண்டது. புதுப் பெஞ்சிலும் ஆட்கள் உட்கார்ந்திருந்தார்கள்.

"நிறுத்துங்க! அந்தக் குழந்தை வாயில ஒண்ணும் மிஞ்சாதுங்க," என்றேன் நீலச் சட்டைக்காரரிடம். அவர் கையைப் பிடித்துக்கொண்டு கெஞ்சினேன். "சொந்தமா எழுதுங்க. உங்களுக்கு என்ன தெரிஞ்சுதோ அத எழுதுங்க."

"நாங்களும் மூணு மணிக்குள்ள குடுக்கோணுமில்லீங்க?" என்றார் அவர் மரியாதையாக. "நீங்க இத்தன நாளாச் சொந்தமாவா எழுதுனீங்க?"

அவர் கையை விட்டுவிட்டேன். கோகிலவாணி பெஞ்சு பெஞ்சாக ஓடினார். அவர் ஒருவருடைய காகிதத்தைக் கிழித்தால் பக்கத்தில் இருப்பவர் தன்னுடையதைக் கொடுத்து உதவினார். நல்ல மனுஷர்கள். யாரும் அவரைத் திட்டவில்லை. ஒரு அம்மாள் தண்ணீர் பாட்டிலை நீட்டி, "மொதல்ல குடிச்சிட்டு அப்பறமேட்டுக் கிழிம்மா" என்றார்.

போன் மறுபடி அடித்தது. கோகிலவாணி அதைப் பார்த்தார். எடுக்கவில்லை. என் பக்கம் நீட்டினார்.

"நீங்களே கேளுங்க," என்றார். கண் திறந்திருந்தது. அவர் என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

வாங்கிக் காதில் வைத்தேன். பின்னால் குழந்தைகள் சத்தம்.

"பாப்பா வீட்டுலங்களா?" என்றது டீச்சர் குரல்.

"ஆமாங்க டீச்சர்," என்றேன். "எத்தனைங்க?"

"எண்ணிட்டிருக்கேனுங்க. லைன்லயே இருங்க."

லைனிலேயே இருந்தேன்.